மைனஸ் நாற்பது

பதிவு 1
அக்டோபர் 4, காலை 11.15. அறை அழுத்தம்: மைனஸ் 38

கரடிக்கல் மலை உண்ணி ஆய்வு நிலையம். எழுதுவது தில்லைநாயகி, வைரஸ் ஆய்வாளர். தினமும் பதிவு எழுத வேண்டும் என்பது விதி. யாராவது படிக்க வேண்டும் என்று விதியில் இல்லை. நீங்கள் படிக்கிறீர்கள் என்றால் வணக்கம்.

முதலில் வேலை. உண்ணித் தட்டுகள் எல்லாம் சரி. குளிர்பெட்டி மைனஸ் எண்பது டிகிரியில் நிற்கிறது. ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறது.

விஷயம் தெரியாதவருக்காக: கரடிக்கல் காய்ச்சல் உண்ணி கடித்து வருவது. கடித்த சில நாளில் காய்ச்சல், அடுத்து மூக்கிலும் ஈறிலும் ரத்தம். வந்தவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கவில்லை. மருந்து கிடையாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த மலை உச்சியில், பூட்டிய அறைக்குள், உண்ணிகளுக்கு வேளாவேளைக்கு ரத்தம் ஊட்டிக்கொண்டிருக்கிறோம். என் அம்மா எனக்கு இவ்வளவு கவனமாகச் சோறு போட்டதில்லை.

இன்று ஆயுத பூஜை. தொடர் விடுமுறை என்பதால் நேற்றே எல்லோரும் பஸ் பிடித்து இறங்கிவிட்டார்கள். மிச்சம் இரண்டு பேர். ஒருத்தி நான், உண்ணிக்கு லீவு தெரியாதே. இன்னொருவர் நாச்சிமுத்து சார், நிலையத்தின் கால்நடை மருத்துவர், உடுமலைப்பேட்டைக்காரர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. ஊரில் காங்கேயம் காளை ஒன்று வைத்திருக்கிறார். பெயர் கலெக்டர். எவர் சொன்னாலும் கேட்காது என்பதால் அந்தப் பெயராம்.

பூஜையை இரண்டு பேரும் பிரித்துக்கொண்டோம். ஆய்வறைக்குள் நான், வெளியே நடைவழியில் அவர். நுண்ணோக்கி, குளிர்பெட்டி, ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை வேகமாகச் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜ், உண்ணிகளின் சாப்பாட்டுத் தட்டு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஆய்வறைக் கதவுக்குப் பக்கத்தில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று வட்டமாக இரண்டு எஃகுப் பொட்டுகள் சுவரில் பதித்திருக்கும். நடுவே ஊசித் துளை. இன்டர்காமில் அவர் சொன்னார்: "ஏனுங்க மேடம், இது நெத்தி மாதிரியே இருக்குதுங்க. இதுக்கு வெக்காம வேற எதுக்குங்க வெக்கறது?" வெளிப்பக்கத்துக்கு அவர் வைத்தார். உட்பக்கத்துக்கு நான் வைத்தேன். லட்சணமாகத்தான் இருக்கிறது. மலைக்குக் கீழே இருக்கும் அலுவலகத்துக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார்கள்.

அவர் கதவுக்கு வெளியே ஊதுபத்தி காட்டியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். புகை நேராக எழாமல் வளைந்து, வெளிக்கதவின் அடியில் புகுந்து, வெளியேறுபவரைக் கழுவிவிடும் நடுக்கூண்டைத் தாண்டி, உட்கதவின் அடியில் உள்ளே வந்தது. வரத்தான் வேண்டும். இந்த அறையின் காற்றழுத்தம் வெளியைவிடக் குறைவாக வைக்கப்பட்டிருக்கிறது. காற்று வெளியிலிருந்து உள்ளே வரும். உள்ளிருந்து ஒருபோதும் வெளியே போகாது. எங்கள் பாதுகாப்பு மொத்தமும் இந்த ஒரு வரிதான்.

பதிவு 2
அக்டோபர் 5, மாலை 4.30. அழுத்தம்: மைனஸ் 40

வைரஸ் ஏற்றிய உண்ணித் தட்டில் ஒன்று குறைந்தது. தட்டை, மேசையை, தரையைப் பார்த்தேன். பாதுகாப்பு உடையைக் கழற்றிப் பார்த்தேன். என் முழங்காலுக்குப் பின்னால் இருந்தது. தலை உள்ளே புதைந்து, நிம்மதியாகக் குடித்துக்கொண்டிருந்தது.

இடுக்கியால் எடுத்து ஆல்கஹால் குப்பியில் போட்டேன். மூடியைத் திருகினேன்.

விதிப்படி சிவப்புப் பொத்தானை நானே அழுத்தினேன். கதவு பூட்டிக்கொண்டது. இனி இது வெளியிலிருந்துதான் திறக்கும். என் ரத்தம் சுத்தம் என்று சோதனை சொல்ல வேண்டும். வெளியே உள்ள பலகையில் நிலையத்து ஆள் ஒருவர் கை வைக்க வேண்டும். பலகை கையின் ரேகையையும் பார்க்கும், தோலுக்கடியில் இருக்கும் வெப்பத்தையும் பார்க்கும், ஐஸில் நனைத்த கையை வைத்து ஏமாற்ற முடியாது. காய்ச்சல்காரர் கை வைத்தால் திறக்காது. நோயாளி நோயாளியைத் திறந்துவிடக் கூடாது என்று எந்தக் கமிட்டியோ உட்கார்ந்து யோசித்திருக்கிறது. கதவுக்கு ஒரு குரலும் உண்டு. கோயம்புத்தூர் மாலில் லிஃப்ட் பேசுமே, அதே குரல். "தனிமைப்படுத்தல் தொடங்கியது. நன்றி" என்றது. நன்றியாம்.

பதிவு 3
அக்டோபர் 6, காலை 9.00. அழுத்தம்: மைனஸ் 40

ஆய்வறையை ஒட்டி இதற்கென்றே ஒரு சின்ன அறை உண்டு. கட்டில், கழிவறை, பொருள் வாங்கிக்கொள்ள சுவரில் இரட்டைக் கதவு வைத்த பெட்டி. நான் என் பக்கக் கதவைத் திறந்து வைத்தால், உள்ளே கிருமி கொல்லும் விளக்கு எரிந்து அணைந்த பிறகு அவர் தன் பக்கத்தைத் திறந்து எடுக்கலாம். இன்று அதன் வழியாக இட்லியும் தக்காளிச் சட்னியும் வந்தன. சட்னியில் உப்பில்லை. சொன்னேன். "நோயாளி மாதிரி அடக்கமா இருங்க" என்றார்.

கீழே அலுவலகத்திலிருந்து வந்த உத்தரவு: "கண்காணிப்பு முடியும்வரை மூன்றாவது நபர் யாரும் வளாகத்துக்குள் வரக் கூடாது. டாக்டர் நாச்சிமுத்து விரும்பினால் இன்றே இறங்கலாம். மாற்று ஏற்பாடு பிறகு செய்யப்படும்."

அவர் இறங்கவில்லை. கேட்டதற்கு, "நான் போயிட்டா கதவை யாருங்க தெறக்கறது? மாத்து ஏற்பாடு வர்றதுக்குள்ள உங்களுக்குத் தாடியே மொளச்சுரும்" என்றார். நடைவழியில், கதவுக்கு நேராக, பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதத் தலை தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு இதுவரை தெரியாது.

பதிவு 4
அக்டோபர் 9, காலை 7.20. அழுத்தம்: மைனஸ் 40

காய்ச்சல் 38.7. கண்ணுக்குப் பின்னால் வலி. என் ரத்தத்தை நானே எடுத்து நானே சோதித்தேன். இருக்கிறது.

எத்தனையோ பேருடைய சோதனைத் தாளில் இந்தக் கோட்டைப் பார்த்து, தேதி போட்டு, அடுத்ததை எடுத்திருக்கிறேன். இன்று அடுத்தது இல்லை. பயமாக இருக்கிறது. எழுதிவிட்டால் குறையும் என்று நினைத்தேன், குறையவில்லை.

நாச்சிமுத்து சாரிடம் சொன்னேன். "நாப்பது டிகிரிக் காச்சல்ல படுத்த மாடெல்லாம் எந்திரிச்சு முட்ட வந்திருக்குதுங்க. நீங்க அதுகளவிட மோசமான ஆளு. எந்திரிச்சுருவீங்க" என்றார்.

பதிவு 5
அக்டோபர் 10, மாலை 5.50. அழுத்தம்: மைனஸ் 40

காலையிலிருந்து பேய்மழை. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் மலை சரிந்து சாலை போய்விட்டது. மூடுபனியில் டிரோன் பறக்காது. மூன்று மணிவாக்கில் மின்சாரம் துடித்துத் துடித்து வந்தது. ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளச் சில நொடி ஆனது. அந்த நேரம் பார்த்து என் ரத்தம் அடைத்த கண்ணாடிக் குழாய்களைச் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றிக்கொண்டிருந்தேன். இயந்திரம் தடதடவென்று ஆடி நின்றது. குழாய் ஒன்று உடைந்திருந்தது. என்ன ஏது என்று மூடியைத் திறந்துவிட்டேன். திறந்திருக்கக் கூடாது. உள்ளிருந்து ரத்தம் பனியாக மேலே வந்தது.

இந்த வைரஸ் ஆளுக்கு ஆள் மூச்சில் பரவுவதில்லை. ஆனால் இப்படிப் பொடிப்பொடியாகத் தெறித்தால் காற்றிலேயே மிதக்கும். எனக்கு இனி என்ன? ஏற்கெனவே உள்ளே இருப்பதுதான். வெளியே போக வழியில்லை. காற்று உள்நோக்கித்தான் போகிறது, மீதியைக் கூரை விசிறி வடிகட்டி வழியாக இழுத்துவிடும். எண்ணைப் பார்த்தேன். மைனஸ் நாற்பது. மருந்து தெளித்துத் துடைத்துவிட்டுப் படுத்தேன்.

நாச்சிமுத்து சார் நாற்காலியைக் கதவுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, விடுமுறைக்கு முந்திய நாள் பேப்பரைச் சத்தமாக வாசித்தார். வரி விளம்பரம் உட்பட.

பதிவு 6
அக்டோபர் 12. மதியம் இருக்கும். மைனஸ் 40

40.3. மூக்கில் ரத்தம் நிற்கவில்லை. வாயில் இரும்பு ருசி.

எழுத முடியவில்லை, பேசுகிறேன். இயந்திரம் எழுதிக்கொள்கிறது.

அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். கலெக்டர் ஒரு தரம் கல்யாணப் பந்தலுக்குள் புகுந்து மாப்பிள்ளையின் மாலையைத் தின்ற கதை. நேற்றும் சொன்னார். நேற்று மாப்பிள்ளை ஓடினார், இன்று பெண் ஓடுகிறாள். நிறுத்திவிடாதீர்கள் சார். நிறுத்தினால் நான் தூங்கிவிடுவேன்.

பதிவு 7
அக்டோபர் 15, காலை 8.40. அழுத்தம்: மைனஸ் 40

37.1.

நேற்று வியர்த்துக் கட்டில் நனைந்தது. இன்று பசித்தது. ரத்தம் எடுத்துப் பார்த்தேன், வைரஸ் மங்கிவிட்டது. நோயை அடிக்கும் எதிர்ப்புப் புரதம் என் ரத்தத்தில் அடர்த்தியாக வந்திருக்கிறது. இந்த அறையில் இவ்வளவு வருடமாகத் தேடிய சாமான் என் கை நரம்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. சிரிப்பு வந்தது. ஈறு வலித்ததால் நிறுத்திக்கொண்டேன்.

இன்டர்காமில் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெரிய மனிதர் தேம்பி அழும் சத்தம் கேட்டது. கேட்காத மாதிரி இருந்தேன். சேமியா பாயசம் வைத்து அனுப்பினார். அதிலும் உப்பு இல்லை என்று சொன்னேன். பிழைத்துவிட்டேன்.

பதிவு 8
அக்டோபர் 16, காலை 10.10. அழுத்தம்: மைனஸ் 40

அழுத்தம் மைனஸ் 40 இல்லை. தலைப்பில் இருப்பது பொய். முறையாகச் சொல்கிறேன்.

இன்று காலை என் ரத்தம் சுத்தம் என்று வந்தது. கதவைத் திறக்கலாம். அவர் குளித்துவிட்டு வந்து, திறப்பதற்கு முன்னால் சாமிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று, பூஜையில் மிஞ்சிய ஊதுபத்தியைக் கதவடியில் கொளுத்தி வைத்தார். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புகை உள்ளே வரவில்லை. கதவடியிலிருந்து யாரோ ஊதிவிட்ட மாதிரி வெளிப்பக்கம் சாய்ந்து, குனிந்திருந்த அவர் முகத்தில் போய் அடித்தது.

எண்ணைப் பார்த்தேன். மைனஸ் 40. பழைய பதிவுகளைப் புரட்டினேன். பூஜைக்கு முன்பு 38, 41, 39, 42 என்று அல்லாடிக்கொண்டே இருந்த எண். கதவைத் திறந்தால் ஆடும், மழை வந்தால் ஆடும். பூஜைக்கு மறுநாளிலிருந்து ஒரே எண். புயலிலும் அதே. காய்ச்சலில் கிடந்தபோதும் அதே. நான் தினமும் பார்த்தேன். தினமும் திருப்தியாக எழுதினேன்.

சுவரில் பதித்த அந்த எஃகுப் பொட்டுகள்தான் அழுத்தமானியின் இரண்டு மூக்குகள். நாங்கள் இரண்டையும் சந்தனத்தால் அடைத்துவிட்டோம். காய்ந்து கல்லாகிவிட்டது. பூஜையன்று உள்ளே மாட்டிய காற்றைத்தான் அது இத்தனை நாளும் அளந்துகொண்டிருக்கிறது.

நான் குண்டூசியால் உட்பக்கத்தைச் சுரண்டினேன். அவர் வெளிப்பக்கத்தைச் சுரண்டினார். எண் உதறிக்கொண்டு எழுந்தது. பிளஸ் 12. அலாரம் அலறியது. கதவின் குரல், "எச்சரிக்கை. கூரை விசிறி இயங்கவில்லை" என்றது. எவ்வளவு நாளாக? இயந்திரத்தைக் கேட்டேன். புயல் அடித்த மாலையிலிருந்து. காற்றை வெளியே இழுக்கும் விசிறி அன்றே நின்றுவிட்டது. காற்றை உள்ளே தள்ளும் விசிறி நிற்கவில்லை. அழுத்தம் சரியாக இருப்பதாகப் பொய் எண் சொன்னதால், எந்த அலாரமும் அடிக்கவில்லை.

புயல் மாலை. உடைந்த குழாய். ரத்தப் பனி. கதவடியில் நாற்காலி.

"சார், அங்க நிக்காதீங்க. தள்ளிப் போங்க" என்று கத்தினேன். அவர் தள்ளுவிசிறியை நிறுத்திவிட்டு வந்து, நாற்காலியிலேயே உட்கார்ந்தார். "இனிமே தள்ளிப் போயி என்னங்க ஆகப்போகுது? காத்தால இருந்தே ஒடம்பு அனத்துதுங்க. ஈரக்காத்துன்னு நெனச்சேன்" என்றார்.

பலகையில் கை வைத்துப் பார்த்தார். 38.1. "மன்னிக்கவும். உங்கள் கை ஏற்கப்படவில்லை."

பதிவு 9
அக்டோபர் 17, காலை 8.00. அழுத்தம்: 0

39.2 அவருக்கு. எனக்குக் காய்ச்சல் இல்லை, நோய் இல்லை, திறக்கிற கதவும் இல்லை.

கதவை உடைக்கப் பார்த்தேன். ஆக்சிஜன் சிலிண்டரால் அடித்தேன். கண்ணாடியில் கீறல்கூட விழவில்லை. அலுவலகத்தை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கதவை அங்கிருந்து திறக்கச் சொன்னேன். தூரத்திலிருந்து யாரும் திறக்க முடியாதபடிதான் செய்திருக்கிறார்களாம். ரொம்பப் பாதுகாப்பு.

அவர்கள் சொன்னது அப்படியே: "பாதுகாப்பு உடையோடு ஆறு பேர் நடந்தே வர்றாங்க. ரெண்டு இடத்துல சரிஞ்சிருக்கு. பத்தொன்பதாம் தேதி சாயங்காலத்துக்குள்ள வந்துருவாங்க, தைரியமா இருங்க."

அவருக்கு வயது ஐம்பத்தாறு. ஒரே நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏறிவிட்டது. மூச்சில் ஏறியது வேகமாக ஏறும். பத்தொன்பது சாயங்காலம் வரை தாங்குமா என்று எனக்குத் தெரியாது என்று எழுத ஆசை. தெரியும். தாங்காது.

வழி ஒன்று இருக்கிறது. என் ரத்தம். சிவப்பணுக்களைப் பிரித்தால் மஞ்சளாக நிற்கும் பிளாஸ்மா. எதிர்ப்புப் புரதம் அதில்தான். நான் ஏபி வகை. ரத்ததான முகாமில் சீந்துவார் இல்லாத வகை. ஆனால் எங்கள் பிளாஸ்மா எவருக்கும் சேரும்.

அலுவலகத்தில் சொன்னேன். "பர்மிஷன் இல்லாம எதுவும் பண்ணிடாதீங்க மேடம். மனுஷங்கள்ல சோதனை செஞ்சதில்ல. கமிட்டி திங்கக்கிழமை கூடுது." திங்கள் இருபத்து மூன்றாம் தேதி. ஒலிவாங்கியை அணைத்துவிட்டேன். கமிட்டி கூடட்டும், வடை சாப்பிடட்டும்.

பதிவு 10
அக்டோபர் 17, மாலை 4.15. அழுத்தம்: 0

அரை லிட்டர் எடுத்தேன். என்னைப் போல் நோயிலிருந்து எழுந்தவள் இதில் பாதிகூட எடுக்கக் கூடாது. இரண்டு தடவை கண் இருட்டியது. தரையில் உட்கார்ந்து எடுத்தேன், விழுந்தாலும் தூரம் குறைவு.

அதே சென்ட்ரிஃப்யூஜ். குங்குமம் இன்னும் அதன் நெற்றியில் இருக்கிறது. ஒன்றும் உடையாமல் சுற்றிக் கொடுத்தது. பையைச் சுவர்ப் பெட்டியில் வைத்தேன். அவர் எழுந்து வர வேண்டும். நாற்காலியிலிருந்து பெட்டிக்கு நாலு எட்டு இருக்கும்.

இன்டர்காம் பதிவு, அப்படியே:

"சார், பெட்டி லைட்டு பச்சையாச்சு. எந்திரிங்க."

"வர்றனுங்க. காலுதான் வரமாட்டேங்குது."

"சுவத்தப் புடிச்சுக்குங்க. கலெக்டர் பசியில கத்துதாம், உங்க வீட்ல போன் பண்ணாங்க."

"பொய் சொல்லாதீங்க மேடம். இங்க சிக்னலே இல்ல."

ஆனால் எழுந்தார். பையை எடுத்தார். ஊசியை எடுத்துத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாட்டுக்குன்னா கண்ண மூடிட்டுக் குத்திருவனுங்க. நமக்கு நாமே குத்தறது பெரிய கெரகமா இருக்குது."

மூன்றாம் தடவை நரம்பு கிடைத்தது. பையை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, கீழே கதவோரம் சாய்ந்து உட்கார்ந்தார். மஞ்சள் சொட்டுச் சொட்டாக இறங்குவதை இரண்டு பேரும் பார்த்தோம். பிறகு நான் சொன்னேன், அழுதுகொண்டேதான் சொன்னேன்: "உள்ளார வெச்சது நான்தான் சார். தெனமும் அந்த நாப்பதப் பாத்துட்டு எழுதுனவளும் நான்தான்."

"வெளிய வெச்சது நானுங்க. நெத்தி மாதிரி இருக்குதுன்னு ஆரம்பிச்சதே நானு. ஆளுக்குப் பாதிங்க அம்மிணி. விடுங்க."

இத்தனை வருடத்தில் அவர் என்னை அம்மிணி என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

பதிவு 11
அக்டோபர் 18, மாலை 5.30. அழுத்தம்: 0

பிளாஸ்மா வேலை செய்கிறதா என்று தெரியவில்லை. காலையில் 39.8. மதியம் 40.1. மூக்கில் ரத்தம் வந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டு, "ஒன்னுமில்லீங்க" என்றார்.

கொஞ்சம் முன்னால் அவர் செய்ததை எழுதுகிறேன். கதவில் பூஜைக்குக் கட்டிய மாலை காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்துப் பூவை உதிர்த்தார். வாழைநார் மட்டும் மிஞ்சியது. பலகை கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. நாற்காலியைப் பக்கத்தில் நகர்த்தி ஏறி உட்கார்ந்து, வலது கையைப் பலகையில் வைத்து, இடது கையாலும் பல்லாலுமாக நாரைச் சுற்றிக் கட்டினார். கன்றுக்குட்டியைக் கட்டிய கைகள், முடிச்சு நன்றாகவே விழுந்தது. "மன்னிக்கவும். உங்கள் கை ஏற்கப்படவில்லை" என்றது கதவு. மறுபடி மறுபடி சொன்னது. அவர் அதைத் திட்டிய வார்த்தையை எழுதவில்லை.

"என்ன சார் பண்றீங்க?"

"தூங்கிட்டா கை நழுவிருமுங்க. கட்டிட்டா நழுவாது. காச்சல் எறங்கறப்போ இது தானா தெறந்துக்கும்."

"காலைல எறங்குனதும் வெச்சாப் போதாதா?"

முடிச்சைப் பல்லால் இன்னொரு தரம் இறுக்கினார்.

"காச்சல் ரெண்டு விதமா எறங்குமுங்க அம்மிணி. உங்களுக்குத் தெரியாததா? எப்படி எறங்குனாலும் சரி, கதவு தெறக்கும். நீங்க உள்ளயே கெடக்க வேண்டியதில்ல."

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கண்ணாடியைக் குத்தியிருக்கிறேன், விரல் வீங்கியிருக்கிறது. கட்டை அவிழ்க்கச் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

பதிவு 12
அக்டோபர் 19, காலை 7.10. அழுத்தம்: 0

இரவெல்லாம் இன்டர்காமில் பேசினேன். கலெக்டர் கதையை நானே அவருக்குச் சொன்னேன். மாப்பிள்ளை, பெண், புரோகிதர், எல்லோரையும் ஓடவிட்டேன். விடியும்வரை நடுநடுவே "ம்" வந்தது. பிறகு வரவில்லை.

நாற்காலியிலிருந்து சரிந்திருக்கிறார். கண்ணாடி வழியாகப் பார்த்தால் பலகையில் கட்டிய கையும் சட்டையின் தோளும் மட்டும் தெரிகின்றன. தோள் அசைகிறதா என்று பார்க்கிறேன். அசைகிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

பலகையின் எண் என் பக்கத் திரையிலும் தெரியும்.

39.0.

38.4.

இறங்குகிறது. எந்த விதமாக இறங்குகிறது என்பதை எண் சொல்லவில்லை.

38.0. மூச்சுச் சத்தம் கேட்க இன்டர்காமை முழுதாகத் திருகினேன். மழைச் சத்தம்தான் கேட்கிறது.

37.6.

37.4. "கை ஏற்கப்பட்டது. நன்றி. நடுக்கூண்டுக்குள் வரவும்."

பதிவு 13 (குரல் பதிவு)
அக்டோபர் 19, காலை 7.41

நடுக்கூண்டில் நிற்கிறேன். உட்கதவு திறந்து, எனக்குப் பின்னால் மூடிக்கொண்டது. மருந்து மழை கொட்டுகிறது. இது இருபது நிமிடம் ஓடும், நிறுத்த முடியாது, கெஞ்சிப் பார்த்துவிட்டேன். முடிந்தால்தான் வெளிக்கதவு திறக்கும். அவர் அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில் இருக்கிறார்.

இந்தச் சுவரிலும் எண் தெரிகிறது. 37.1.

மருந்து நீரில் வெளிக்கதவின் கண்ணாடி மங்கிவிட்டது, அவர் தெரியவில்லை. கதவைத் தட்டினேன். "சார், தில்லை வந்துட்டேன்" என்று கத்தினேன். பதில் இல்லை.

36.8. இங்கே நின்றிருந்தால் நல்லது. நிற்கவில்லை.

36.6.

இதைக் கேட்பவருக்கு, தெரிந்திருக்கட்டும். உயிருள்ள உடம்பு ஒரு இடத்துக்கு வந்து தன்னைப் பிடித்துக்கொள்ளும். போன உடம்பு பிடித்துக்கொள்ளாது. சுவர் எவ்வளவு குளிரோ அங்கே போகும்வரை இறங்கும். இன்று சுவர் பதினாறு டிகிரி.

36.5.

36.4. சார், போதும். இதுக்குக் கீழ வேணாம்.

36.4.

36.4. நிற்கிறது. நின்றால் சந்தோஷப்பட வேண்டும். என்னால் முடியவில்லை. ஆடாமல் நிற்கிற எண்ணை நான் இனி ஜென்மத்துக்கும் நம்பமாட்டேன். மைனஸ் நாற்பதும் இப்படித்தான் நின்றது. கருவி அடைத்துக்கொண்டாலும் நிற்கும். நார் நெகிழ்ந்து கை விலகி, பழைய எண்ணே உறைந்திருந்தாலும் நிற்கும்.

மழை நின்றுவிட்டது. தலைமுடி உலர்த்தும் கருவி மாதிரிச் சூடான காற்று அடிக்கிறது. இன்னும் ஆறு நிமிடம்.

36.4.

அவர் வீட்டுக்கு நான் போவேன். எதுவானாலும் போவேன். கலெக்டர் முட்டினால் முட்டட்டும்.

36.4.

36.4.

ஆடு. மேலேயாவது கீழேயாவது ஆடித் தொலை.

36.4.

36.5.

ஏறியது. போன கை ஏறாது. ஏறவே ஏறாது.

36.4.

36.6.